பின்னால் நின்று கூப்பிட்டால்

ராயபுரம், சென்னை-13
12-6-1983

அன்புள்ள இந்திராணிக்கு,

சுந்தரவல்லி எழுதுவது. நீ டெல்லிக்குப் போன பிறகு நான் உனக்குப் பொங்கல் வாழ்த்து தவிர எதுவும் அனுப்பியதில்லை. இது வாழ்த்து இல்லை. படிக்க உனக்குக் கஷ்டமாக இருக்கும். எழுத எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

போன வாரம் உன் வீட்டுக்காரர் இங்கே வந்து போனது உனக்குத் தெரியும். எதற்கு வந்தார் என்பதும் தெரிந்திருக்கும். கப்பல் இன்ஜின் ரூமில் வேலை செய்கிறவர்களுக்கு இனிமேல் சர்வீஸ் மட்டும் போதாதாம். ஆபீசர் முன்னால் வேலையைச் செய்து காட்டி, அவர் சரி என்று எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த கப்பலாம். துறைமுகத்தில் கட்டியிருந்த ஒரு கப்பலில் டெஸ்ட் வைத்தார்கள். எங்கள் வீட்டுக்காரரும் போனார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஆயில்மேன் வேலை பார்க்கிறவர். பம்பு, வால்வு, பில்டர் என்று அந்த ரூமில் அவர் கைபடாத சாமான் கிடையாது. காலையில் சிரித்துக்கொண்டே போனார். சாயங்காலம் வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். பெயிலாம். பெயில் போட்டவர் உன் வீட்டுக்காரர்.

ஏன் என்று கேட்டேன். பழைய கோபம் என்றார். உன் வீட்டுக்காரர் சின்ன இன்ஜினீயராக இருந்த காலத்தில் இரண்டு பேரும் ஒரே கப்பலில் போனார்களே, அப்போது அவர் ஓட்டச் சொன்ன பம்பை இவர் ஓட்ட முடியாது என்று நிறுத்திவிட்டாராம். எல்லார் எதிரிலும் அவமானமாகிவிட்டதாம். அதை மனதில் வைத்திருந்து தீர்த்துக்கொண்டார் என்கிறார். உன் வீட்டுக்காரர் அப்படிப்பட்டவரா என்று எனக்குத் தெரியாது. பக்கத்துப் பக்கத்துப் போர்ஷனில் இத்தனை வருஷம் இருந்தோம், அவர் அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. அமைதியானவர் மனதில் என்ன இருக்கிறது என்று யார் கண்டார்கள்?

இப்போது இவர் வீட்டில்தான் இருக்கிறார். இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். என்ன கேட்டாலும் பதில் கிடையாது. கொஞ்ச காலமாகவே அப்படித்தான். டெஸ்டுக்குப் பிறகு இன்னும் மோசம். பெரியவள் பதினொன்றாவது போகிறாள். சின்னவன் உன் மீனா வயது. நான் சொல்ல வேண்டியதில்லை.

நீ உன் வீட்டுக்காரரிடம் பேசு. அடுத்த தடவையாவது சரி என்று எழுதட்டும். வேறெதுவும் வேண்டாம்.

சுந்தரவல்லி

—

கிட்வாய் நகர், புது டெல்லி
21-6-1983

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து பதில் எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். பள்ளிக்கூடம் லீவு. மீனாவும் நானும் பகல் முழுக்க கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடக்கிறோம். வெளியே அனல் அடிக்கிறது. யோசிக்க நேரம் நிறைய இருக்கிறது. என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

அவர் ஆபீஸ் விஷயத்தை வீட்டில் பேச மாட்டார். அது உங்களுக்கே தெரியும். மெட்ராஸிலிருந்து வந்ததும், "ராயபுரம் போனீங்களா, அக்காவைப் பாத்தீங்களா" என்று கேட்டேன். "நேரமில்லை" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் அவர் ஏன் வரவில்லை என்று புரிந்தது.

கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். மறைக்கத் தோன்றவில்லை. பம்பு விஷயத்தை அவர் சுத்தமாக மறந்திருந்தார். ரொம்ப யோசித்துவிட்டு, "அன்னிக்கு ஏகாம்பரம் அண்ணன் நிறுத்தினதுதான் சரி" என்றார். அப்படியென்றால் ஏன் பெயில் என்று கேட்டேன். "அவர் கையில ஒரு குறையும் இல்ல. அதுக்கு மேல என்னைக் கேக்காதே" என்றார். நானும் விடாமல் கேட்டேன், அக்கா. அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அந்த வெயிலில்.

கையில் குறை இல்லை என்றால் வேறெதில் குறை? எனக்குப் புரியவில்லை. உங்களுக்கு ஏதாவது புரிகிறதா?

செப்டம்பரில் மறுபடியும் டெஸ்ட் உண்டாம். அண்ணன் கட்டாயம் விண்ணப்பம் எழுதிப் போடட்டும். சரி என்று எழுதுங்கள் என்று மட்டும் என்னால் அவரிடம் சொல்ல முடியாது. சொன்னாலும் கேட்க மாட்டார். கோபப்படாதீர்கள்.

உங்கள்
இந்திராணி

—

ராயபுரம்
29-6-1983

இந்திராணிக்கு,

கையில் குறையில்லை, ஆனால் பெயில். நல்ல நியாயம். டீச்சர் வேலை பார்க்கிற நீ இதைக் கேட்டுக்கொண்டு வந்து எனக்கு எழுதியும் இருக்கிறாய். உன் வகுப்பில் எல்லாக் கணக்கையும் சரியாகப் போட்ட பிள்ளைக்கு இப்படித்தான் மார்க் போடுவாயா?

நான் எதையும் சொல்லிக் காட்டுகிறவள் இல்லை. ஆனால் நீ மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். உனக்கு மஞ்சள் காமாலை வந்து, குழந்தையைக் கிட்டே விடக்கூடாது என்று டாக்டர் சொன்னபோது மீனாவுக்கு என் மகனோடு சேர்த்துப் பால் கொடுத்தவள் நான். அதற்குக் கூலி கேட்கவில்லை. ஒரு வார்த்தை பேசச் சொன்னேன். உன்னால் முடியவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் சங்கத்தில் மனு எழுதி வாங்கிக்கொண்டு டெல்லிக்குக் கிளம்புகிறார். மந்திரி ஆபீசிலேயே கொடுக்கப் போகிறார். மோதி பாக்கில் அவருடைய சித்தப்பா மகன் பெரியண்ணன் குவார்ட்டர்ஸில் இருக்கிறார், அங்கே தங்கிக்கொள்வார். உன் வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம் என்று நான்தான் சொல்லி அனுப்புகிறேன்.

சுந்தரவல்லி

—

கிட்வாய் நகர்
17-7-1983

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் நீளமாக இருக்கும். உட்கார்ந்து படியுங்கள். அண்ணன் நாளை ரயில் ஏறுகிறார். அவர் வந்து சேர்ந்த பிறகுதான் இது உங்களுக்குக் கிடைக்கும்.

நீங்கள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியும் அவர் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். வேறு வழியில்லாமல் வந்தார். அந்தப் பெரியண்ணனை ஜான்சிக்கு மாற்றிவிட்டார்களாம். மோதி பாக்கில் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, எங்கள் விலாசத்தை யாரிடமோ காட்டிக் காட்டி, பெட்டியோடு நடந்தே வந்திருக்கிறார். கதவைத் திறந்தபோது முகம் கறுத்துப்போய் நின்றார். "ஒரு சொம்பு தண்ணி குடும்மா, போயிடறேன்" என்றார். நான் விடவில்லை.

என் வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து பார்த்ததும் திகைத்துப்போனார். தான் பெயில் போட்ட ஆளைத் தன் வீட்டில் தங்க வைத்தால் நாளை யார் என்ன சொல்வார்கள் என்று உள்ளே வந்து சொன்னார். அப்படியென்றால் நீங்களே போய் அவரை வெளியே போகச் சொல்லுங்கள் என்றேன். சொல்லவில்லை. மறுநாள் ஆபீஸில், ஏகாம்பரம் எனக்கு வேண்டியவர், இனி அவருக்கு நான் டெஸ்ட் வைக்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். ஒரே வீட்டில் இரண்டு பேரும் முகம் பார்க்காமல் இருந்தார்கள். அண்ணன் மனு கொடுக்க வேண்டிய அதிகாரி வெளியூர் போயிருந்தார். அவர் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அண்ணன் எங்கள் வீட்டில் ரொம்ப சௌகரியமாக இருந்தார், அக்கா. அதுதான் எனக்கு ஆச்சரியம். எங்கள் கூலர் ஓடினால் ஏரோப்ளேன் மாதிரி சத்தம் போடும். வருகிறவர்கள் எல்லாம் அதைத் திட்டுவார்கள். அவர் அதன் பக்கத்திலேயே பாயைப் போட்டு மத்தியானம் நன்றாகத் தூங்கினார். பால் பூத்துக்கும் மார்க்கெட்டுக்கும் தனியாகப் போய் வந்தார். மீனா அவருக்கு, சரி என்பதற்கு இந்தியில் "அச்சா" சொல்லக் கற்றுக்கொடுத்தாள். யார் என்ன கேட்டாலும் அச்சா. "டெல்லி நல்ல ஊரும்மா. இங்க யாரு இன்னா சொன்னாலும் புரியலன்னு சொல்லிடலாம்" என்று ஒருநாள் சொன்னார். நான் சிரித்தேன்.

புதன்கிழமை அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு, மூன்று விசில் வந்ததும் அணைத்துவிடுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு எதிர் வீட்டுக்குப் போனேன். அவர் தலையை ஆட்டினார். எதிர் வீட்டு அம்மாளோடு பேசிக்கொண்டிருக்கும்போதே விசில் கேட்க ஆரம்பித்தது. நிற்கவில்லை. வந்துகொண்டே இருந்தது. அந்த அம்மாளே, "உங்க வீட்லதானே, போய்ப் பாருங்க" என்று இந்தியில் சொன்னார். ஓடி வந்தேன். தண்ணீர் வற்றித் தீய்ந்த வாடை. அண்ணன் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தமிழ்ப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தூங்கவில்லை. நான் வரும்போது பக்கம் திருப்பினார். குக்கர் அவருக்குப் பின்னால் கூவிக்கொண்டிருந்தது.

அடுப்பை அணைத்துவிட்டு அவர் எதிரில் போய் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு அடுப்பைப் பார்த்தார். பேப்பரை மடித்து வைத்தார்.

"இடது காது போயி நாலு வருஷம் ஆச்சும்மா. வலது காது கொஞ்சம் கேக்கும். சத்தம் இருக்கிற எடத்துல அதுவும் கேக்காது. நீ டீச்சரு, எதிர்ல நின்னு நிதானமா பேசற. அதான் உன் வீட்ல எனக்குக் கஷ்டமே தெரியல" என்றார்.

பிறகு, "சுந்தரவல்லிக்குத் தெரியாது. சொல்லிடாதே" என்றார்.

நான் சொல்கிறேன், அக்கா. அவர் கேட்டுக்கொண்டதை மீறித்தான் சொல்கிறேன்.

அன்று இவர் வந்ததும் சொன்னேன். இவருக்கு ஆச்சரியமே இல்லை. நாற்காலியை இழுத்து அண்ணன் எதிரில் போட்டு உட்கார்ந்தார். டெஸ்டுக்குப் பிறகு இரண்டு பேரும் பேசியது அப்போதுதான்.

"உங்க கை வேலையில ஒரு தப்பும் இல்லண்ணே. நான் எதிர்ல நின்னு சொன்னதெல்லாம் சரியா செஞ்சீங்க. இன்ஜின் ஓடும்போது பின்னால போய் நின்னுக்கிட்டு நிறுத்தச் சொன்னேன். நீங்க திரும்பல."

"இன்ஜின் சத்தத்துல யாருக்கு சார் கேக்கும்?"

"கூட இருந்த ரெண்டு பேரும் திரும்பினாங்க."

அண்ணன், காதுதான் காரணம் என்று ஏன் எழுதவில்லை என்று கேட்டார். எழுதியிருந்தால் அன்றைக்கே உங்கள் பெயரை எடுத்திருப்பார்கள், நீங்களே டாக்டரிடம் காட்டிவிட்டுக் கம்பெனியில் கரை வேலை கேட்பீர்கள் என்று நினைத்தேன் என்றார் இவர்.

"நீங்க சொல்லாம, உங்களுக்குத் தெரியும்னு எனக்கு எப்படி சார் தெரியும்?" என்று அண்ணன் கேட்டார்.

எனக்கும் இவர்மேல்தான் கோபம். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தார். அதனால் நீங்களும் நானும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க முடியாமல் போனோம்.

எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. வெள்ளிக்கிழமை நானே அழைத்துப்போனேன். காதில் மாட்டி, சின்னச் சின்னச் சத்தம் கொடுத்துப் பார்க்கிற மெஷின் ஒன்று வைத்திருக்கிறார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் கையை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நரம்பு போய்விட்டது, இன்ஜின் சத்தத்தால் வருவது, போனது திரும்பாது, இனியும் அந்தச் சத்தத்தில் இருந்தால் மிச்சமும் போய்விடும் என்று டாக்டர் சொன்னார்.

மனுவை அண்ணன் கொடுக்கவில்லை. ஊருக்குப் போனதும் கம்பெனியில் தானே சொல்லிவிடுவதாக இவரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

உங்களிடமும் அவரே சொன்னால் நல்லது. கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்.

இந்திராணி

—

ராயபுரம்
25-7-1983

இந்திராணி,

உன் கடிதத்தை அவர் இருக்கும்போதே படித்தேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். யார் எழுதியது என்று கேட்டார். இந்திராணி என்றேன். அவர் என் பக்கம் திரும்பாமல் இருந்தபோது சொன்னேன். மறுபடியும் கேட்டார். எதிரில் போய்ச் சொன்னேன். சரி என்றார்.

என்னிடம் சொல்லாததை உன்னிடம் சொல்லியிருக்கிறார். பதினெட்டு வருஷம் கூட இருப்பவளுக்குத் தெரியாது, டெல்லியில் இருக்கிற உனக்குத் தெரியும், உன் வீட்டுக்காரருக்கு ஜூனிலேயே தெரியும். நான் எல்லோரையும்விடக் கடைசி.

உன்மேல் கோபம் இல்லை. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும், உன்னிடம்தான் சொல்ல முடியும். போன லீவில் அவர் வந்தபோது நான் சமையலறையிலிருந்து எத்தனையோ கேட்டேன். பதில் இல்லை. அதற்கு முந்தின லீவிலும் அப்படித்தான். ஏதோ ஒரு ஊரில் யாரோ ஒருத்தி இருக்கிறாள், அதனால்தான் என் பேச்சு கசக்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன். எழுதவே கூசுகிறது. ஒரு மாசம் அவரோடு பேசாமலே இருந்து பார்த்தேன். அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. அதற்காக இன்னும் அழுதேன். பாவம், அவருக்கு நான் பேசாத நாளும் பேசின நாளும் ஒன்றாகவே இருந்திருக்கும்.

முதுகுக்குப் பின்னால் நான் திட்டாத திட்டு இல்லை. கேட்கவில்லை என்பது ஒரு விதத்தில் நல்லதுதான்.

அவர் சொல்லட்டும் என்று காத்திருக்கிறேன்.

சுந்தரவல்லி

—

ராயபுரம்
19-9-1983

அன்புள்ள இந்திராணிக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம், எழுத ஒன்றும் இல்லை. அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கம்பெனிக்குப் போனாரா என்று இரண்டு தடவை கேட்டேன். நாளைக்கு என்றார்.

போன வாரம் மறு டெஸ்ட் நடந்தது. போக மாட்டார் என்று நினைத்தேன். போனார். இந்தத் தடவை வந்தவர் வேறு ஆபீசர். கட்டிப் போட்ட கப்பல் ஒன்றும் காலியாக இல்லையாம், அதனால் கரையிலேயே ஒரு ஒர்க்‌ஷாப்பில் வைத்தார்களாம். ஓடாத இன்ஜின். மேஜைமேல் பிரித்துப் போட்ட பம்பு. ஆபீசர் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டிருக்கிறார். பாஸ்.

வரும்போது மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்தார். பிள்ளைகளுக்குச் சந்தோஷம். அடுத்த மாசம் இரண்டாவது வாரம் கப்பல். கச்சா எண்ணெய் எடுக்க வளைகுடாப் பக்கம் போகிறதாம்.

ஜூன் மாசம் நான் உன்னிடம் எதைக் கேட்டேனோ அது கிடைத்துவிட்டது. மைசூர்பாகைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்ற நிலை எனக்குத்தான் தெரியும்.

அவர் போகக்கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இந்திராணி. வீட்டில் உட்கார்ந்திருந்த இந்த மூன்று மாசத்தில் அவர் என்ன ஆனார் என்று பார்த்தவள் நான். கடைக்காரன் கேலி பேசியதைக்கூட உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு வந்து படுத்துவிடுவார். இப்போது நிமிர்ந்து நடக்கிறார். குடும்பத்துக்கும் வேறு வழி இல்லை. இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே, இந்த ஒரு தடவை ஆகிவிடுமா என்று நினைத்துக்கொள்கிறேன். அவர் தெரியாத மாதிரி இருக்கிறார். நானும் தெரியாத மாதிரி இருக்கிறேன்.

இதை உன் வீட்டுக்காரரிடம் சொல்லாதே. சொன்னால் அவர் ஆபீசில் எழுதிக் கொடுத்துவிடுவார்.

சுந்தரவல்லி

—

கிட்வாய் நகர்
27-9-1983

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை இவரிடம் காட்டவில்லை. எனக்குப் பழக்கமில்லாத வேலை இது. இரண்டு நாளாக இவரோடு சரியாகப் பேசவும் முடியவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார். அவராகக் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். பாஸானவர்கள் பெயர் எப்படியும் ஒருநாள் இவர் மேஜைக்கு வரும்.

நேற்று நான் இவரிடம் பொதுவாகக் கேட்கிற மாதிரி ஒன்று கேட்டேன். கையில் நல்ல வேலை இருக்கிறவனுக்குக் காது கொஞ்சம் மந்தமாக இருந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று. இவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இன்ஜின் ரூமில் தீப்பிடித்தால் முதலில் தண்ணீர், பவுடர் என்று அடித்துப் பார்ப்பார்களாம். அடங்காவிட்டால் கதவு, ஜன்னல், காற்றுக் குழாய் எல்லாவற்றையும் மூடிவிட்டு உள்ளே ஒரு வாயுவைத் திறந்துவிடுவார்களாம். அது தீயையும் அணைக்கும், உள்ளே இருக்கிற மனிதனுடைய மூச்சையும் நிறுத்திவிடும். அதனால் திறப்பதற்கு முன்னால் மணி அடிப்பார்கள். மணி கேட்டதும் எல்லாரும் மேலே ஓடி வந்துவிட வேண்டும்.

"ஆள் எண்ணிப் பாப்பாங்க. ஆனா புகையில, அவசரத்துல, எண்ணிக்கை தப்பும். அந்த மணியைக் கேட்டவன் வருவான்" என்றார்.

பிறகு, ஒருவன் வராவிட்டால் அவனைத் தேடி இன்னொருவன் உள்ளே இறங்குவான், அவனும் போய்விடுவான் என்றார். எந்தக் கப்பலிலோ பார்த்த மாதிரிதான் சொன்னார். நான் மேலே கேட்கவில்லை.

நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. எங்களுக்கு முதல் தேதி சம்பளம் வந்துவிடுகிறது. இங்கே உட்கார்ந்து நியாயம் பேசுவது சுலபம். ஆனால் அண்ணன் போய் ஏதாவது ஆனால், நான் இந்தக் கடிதத்தை மறைத்து வைத்ததை இவரிடமும் சொல்ல முடியாது, உங்கள் பிள்ளைகளிடமும் சொல்ல முடியாது.

நீங்கள் சொல்கிறவரை இவரிடம் பேச மாட்டேன். ஆனால் சீக்கிரம் சொல்லுங்கள்.

இந்திராணி

—

ராயபுரம்
9-10-1983

அன்புள்ள இந்திராணிக்கு,

இதை உன் வீட்டுக்காரரிடம் காட்டலாம். முன்னால் எழுதியதையும் காட்டிவிடு.

உன் கடிதம் வந்து நாலைந்து நாள் நான் ஒன்றும் செய்யவில்லை. மணி, மணி என்று அதே நினைப்பு. கோயில் மணி அடித்தாலும் சரி, ஐஸ்காரன் மணி அடித்தாலும் சரி, அவர் திரும்புகிறாரா என்று பார்ப்பேன். திரும்ப மாட்டார். இருந்தாலும் அது தூரம், இது தெருச் சத்தம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை அவர் பெட்டி கட்ட உட்கார்ந்தார். கூடத்தில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி, சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். பெரியவள் படித்துக்கொண்டிருந்தாள். சின்னவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வீட்டில் வேறு சத்தமே இல்லை. நான் சமையலறை வாசலில் நின்றேன். ஒரு மனிதன் எது கேட்டாலும் திரும்பாமல் இருக்கலாம், இதைக் கேட்டால் திரும்பாமல் இருக்க முடியாது என்று ஒன்று உண்டல்லவா? அதைச் சொன்னேன்.

அவர் பேரைச் சொன்னேன். "ஏகாம்பரம்" என்று கூப்பிட்டேன்.

உனக்குத் தெரியும், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தப் பேர் என் வாயில் வந்ததில்லை. ரேஷன் கடையில்கூட பிள்ளையை விட்டுத்தான் சொல்லச் சொல்வேன். கோயிலில் அர்ச்சனைக்குக்கூடச் சீட்டில் எழுதித்தான் கொடுப்பேன். பெரியவள் புத்தகத்தைப் போட்டுவிட்டு என்னையே பார்த்தாள். சின்னவன் வாயில் வைத்த சோற்றை மெல்லவில்லை. அவர் ஒரு சட்டையை மடித்து வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார்.

இன்னும் பலமாகக் கூப்பிட்டேன். பக்கத்துப் போர்ஷன் அம்மாள் வாசலுக்கே வந்து எட்டிப் பார்த்தாள். அவர் சட்டையில் பொத்தான் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுற்றிக்கொண்டு போய் பெட்டிக்கு அந்தப் பக்கம், அவருக்கு நேர் எதிரில் உட்கார்ந்தேன்.

"உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன்" என்றேன்.

என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்று நினைத்தார் போலிருக்கிறது. "எதைச் சொல்லி?" என்று கேட்டார்.

"உங்க பேரை. ரெண்டு தரம். புள்ளைங்க கேட்டுச்சு. பக்கத்து வீடு கேட்டுச்சு."

அவர் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் நிஜம் என்று தெரிந்துவிட்டது. கையில் இருந்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ என் பேரைச் சொல்லியிருக்கே. அது என் காதுல விழலியே" என்றார்.

அவ்வளவுதான். நான் அழுதேன், அவரும் அழுதார். பெரியவள் தம்பியைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அதற்குப் பிறகு எல்லாம் சொன்னார். எந்தக் கப்பலில் முதல் முதலாகக் காதுக்குள் கூவ ஆரம்பித்தது, எந்த ஊரில் மணி அடித்தது தெரியாமல் நின்றபோது பக்கத்தில் இருந்தவன் தோளைத் தட்டினான், எல்லாம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். செவிடன் பெண்டாட்டி என்று உன்னை யாரும் சொல்லக்கூடாது என்றிருந்தேன் என்றார். கோபம் தாங்காமல் திட்டினேன். எதிரில் உட்கார்ந்து திட்டியதால் எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு.

மறுநாள் காலையில் இரண்டு பேருமாகக் கம்பெனிக்குப் போனோம். ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொடுத்தார். பாஸ் பண்ணின காகிதத்தையும் அவரே எடுத்து மேஜைமேல் வைத்தார். அங்கே இருந்தவர் நல்ல மனிதர், இரண்டு மூன்று தடவை, "யோசிச்சுத்தான் கொடுக்கறீங்களா?" என்று கேட்டார். கரையில் வேலை எதுவும் இப்போதைக்கு இல்லையாம். காது போனதற்கு ஏதாவது கிடைக்குமா என்று எழுதிப் பார்க்கச் சொன்னார். எழுதியிருக்கிறோம். வருமோ வராதோ.

காசிமேட்டில் மீன்பிடிப் படகு இன்ஜின் ரிப்பேர் செய்கிற பட்டறையில் திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். கப்பலில் கிடைத்ததில் பாதிகூட இருக்காது. நான் முறுக்கும் அதிரசமும் போட்டுக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன், தீபாவளி வருகிறதே. சமாளிக்க முடியுமா என்று தெரியவில்லை. சமாளிக்க வேண்டும்.

உன் வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாக ஒன்று சொல். அவர் பெயில் போட்டது சரி. காரணத்தைச் சொல்லாமல் போனது சரியில்லை. அடுத்த தடவை யாருக்காவது இப்படி இருந்தால், எதிரில் உட்கார்ந்து வாயைத் திறந்து சொல்லட்டும். அந்த வீட்டிலும் என்னைப் போல ஒருத்தி இருப்பாள். அப்புறம், இன்ஜின் ஓடாத இடத்தில் வைத்து டெஸ்ட் நடத்துகிறார்களே, அதையும் அவர் கவனிக்கட்டும். எங்கள் வீட்டுக்காரரைப் பாஸ் போட்டதே அது தப்பு என்பதற்குச் சாட்சி.

இங்கே சண்டை முன்னைவிட அதிகமாகிவிட்டது. ஆனால் எதிரில் நின்றுதான் போட வேண்டியிருக்கிறது. முகத்தைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் சண்டை போட முடியவில்லை.

பேரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லி தினமும் கேட்கிறார். எதிரில் நின்று சொல்ல வேண்டுமாம், உதட்டில் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். இன்று காலையும் கேட்டார். எனக்கு வெட்கமாக இருக்கிறது. வாயைத் திறந்தேன், வரவில்லை.

உன் அக்கா
சுந்தரவல்லி